முட்டை அட்டைக் கருங்கல்

முட்டை அட்டையை நறுக்கிக் கருங்கல் பாவினாள் மஞ்சுளா. கண்ணாடிபோல் உறையும் ரெசினை ஊற்றி ஓடையில் தண்ணீர் விட்டாள். புதூர்நாட்டு மலையில் அவள் ஊருக்கு வரவேண்டிய கல் சாலை, மேசைமேல் குட்டி உருவில் தயார். அதிகாரிகளுக்குப் பிடித்துவிட்டால், செருப்பைக் கையில் பிடித்து ஓடையைத் தாண்டும் பிழைப்பு தீரும்.

சாலை வேலையை எடுத்திருந்த கான்ட்ராக்டர் வெற்றிச்செல்வன் குனிந்து பார்த்தார். "கல்லுங்க ஒரே அளவா இருக்குதே, மாத்தும்மா. தண்ணி நெசமாத் தெரியணும். தரம்னா நமக்கு உசுரு."

மாற்றினாள். அவர் மண்டியிட்டு, கல் மட்டத்துக்குச் செல்போனைத் தாழ்த்தி நாலு படம் எடுத்தார்.

"வேலை எப்ப சார் ஆரம்பிப்பீங்க?"

"இன்னாம்மா கேக்குற? முடிஞ்சிடுச்சே!" என்றவர், படங்களைப் 'பணி நிறைவு' என்று ஆபீசுக்கு அனுப்பினார்.

"சார், இது வெறும் மாதிரிங்க!"

"திட்டத்தோட பேரே 'மாதிரிச் சாலை'தானேம்மா!"