பதினேழாம் எண் கூண்டு

உறையைப் பிரிப்பது பதினோரு மணிக்குத்தான். அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒன்பதே காலுக்குள் மூன்று தடவை ஆய்வுக்கூடத்துப் பதினேழாம் எண் கூண்டுக்கு முன்னால் வந்து நின்றுவிட்டாள்.

உள்ளே கிழம் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. செய்வதையெல்லாம் செய்துவிட்டு என்னமாய்த் தூக்கம்!

சுண்டெலிக்கு வயது இரண்டு. மனுசக் கணக்கில் பேரன் பேத்தி எடுத்திருக்க வேண்டிய வயசு. ஆறு வாரம் முன்புவரை கூண்டுக்குள் ஒரு பெட்டையை விட்டால் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு மூலைக்குப் போய்விடும். இன்று காலை, நேற்று ராத்திரி உள்ளே விட்ட பெட்டையைத் தூக்கிப் பார்த்தாள். இணை சேர்ந்ததற்கான வெள்ளை அடைப்பு பளிச்சென்று தெரிந்தது.

மொத்தம் இருபத்துநான்கு கிழங்கள். பாதிக்கு நியூரோபெப்டைட் ஊசி. ஆண் ஹார்மோனைச் சுரக்கச் சொல்லி மூளை அனுப்பும் சேதி அதுதான். மீதிப் பாதிக்கு வெறும் உப்புத் தண்ணீர். எதற்கு எது என்று அவளுக்கே தெரியாது. பட்டியல் துறைத் தலைவரின் உறைக்குள் இருந்தது. தெரிந்துவிட்டால் கண் தனக்கு வேண்டியதைத்தான் பார்க்கும் என்று இந்த ஏற்பாடு.

தெரியாமலேயே அவள் கண் அதைத்தான் பார்த்தது. பதினேழுக்கு மருந்துதான், சந்தேகமே இல்லை.

அவள் புருஷனுக்கு நாற்பத்தொன்பது, அவளுக்கு முப்பத்தெட்டு. கல்யாணமாகி ஒன்பது வருஷம், குழந்தை இல்லை. ரத்தத்தைச் சோதித்த டாக்டர், ஹார்மோன் இறங்கியிருக்கிறது, வயசுதானே என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து வீட்டில் அவள் வாயில் ஒரே பாட்டு. இந்த மருந்து மட்டும் வரட்டும், மனுசங்களுக்குக் கொடுத்துப் பார்க்கும்போது முதல் பெயர் உங்களுடையதுதான். பாவம், நல்ல மனுசன். தலையை ஆட்டிவிட்டுச் செய்தித்தாளுக்குள் புகுந்துகொள்வார்.

பதினோரு மணிக்குத் துறைத் தலைவர் உறையைக் கிழித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்ப மாட்டினார். அந்த ஆளைப் பிடித்து உலுக்கலாம்போல இருந்தது அவளுக்கு.

பதினேழு, உப்புத் தண்ணீர்.

பட்டியலைப் பிடுங்காத குறையாக வாங்கிப் படித்தாள். மருந்து போனவற்றில் நாலைந்துக்கு ஹார்மோன் லேசாக ஏறியிருந்தது. ஆனால் ஒன்றுகூடப் பெட்டையை ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

நேராகக் கூண்டு பராமரிப்பவரிடம் போய், பதினேழை என்ன செய்தீர்கள் என்று கேட்டாள். அவர் பின்கழுத்தைச் சொறிந்தார்.

"அந்த மூலைல லைட்டு போயிடுச்சும்மா. அதான் சாயங்காலமானா அதை மட்டும் தூக்கிப் பொட்டைங்க கூண்டுக்குப் பக்கத்துல வப்பேன், காலைல நீங்க வர்றதுக்குள்ள திருப்பி வச்சிருவேன். ஆச்சு, ஆறு வாரம்."

அவளுக்குத் தெரியாததா? பெட்டையின் வாசனை பட்டாலே ஆணுக்கு ஹார்மோன் ஏறும். முதல் வருஷப் பாடம். அதனால்தான் இரண்டையும் எதிரெதிர்ச் சுவரில் வைக்கவேண்டும் என்று சட்டம் போட்டிருந்தாள். மனுசரை நாலு வார்த்தை கேட்கத்தான் வாயைத் திறந்தாள். கேட்காமலேயே போனை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள்.

வராந்தாவுக்கு வந்து புருஷனுக்குப் போன் போட்டாள். வேலை நேரத்தில் அவள் கூப்பிட்டதே இல்லை. அவர் பதறிப்போய் எடுத்தார். மருந்து பலித்ததா என்று கேட்டார். இல்லை என்றாள். அப்படியா என்று மட்டும் கேட்டார். அழுதுவிடுவாரோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது. அவருக்கு முன்னால் தான் அழுதுவிடுவோம் என்றும் தோன்றியது.

"ஹால்ல கெடக்குற உங்க மெத்தைய உள்ள கொண்டுபோய்ப் போடுங்க," என்றாள். "எட்டு மாசம் தனியாப் படுத்தது போதும்."