சரியாக ஒருவன்

பதினான்காவது கேள்விக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது.

கூர்நோக்கு இல்லத்திலிருந்து ஐந்து சிறுவர்கள் விடுதலையாகிறார்கள். ஒருவன் மீண்டும் குற்றம் செய்வதற்கான நிகழ்தகவு 0.3. சரியாக ஒருவன் மட்டும் குற்றம் செய்வதற்கான நிகழ்தகவைக் காண்க. நிகழ்ச்சிகள் ஒன்றையொன்று சாராதவை எனக் கொள்க.

அடப்பாவிகளா, கணக்குப் போட வேறு ஆட்களே கிடைக்கவில்லையா?

அவனும் அப்படி வந்தவன்தான். மூன்று வருஷமாகிறது. டில்லி, லோகு, அப்பாஸ், இருதயராஜ், அவன். ஐந்து பேரும் ஒரே நாளில். அதற்குப் பிறகு அடுத்தவன் குண்டூசியைக்கூட அவன் தொட்டதில்லை.

சாராதவையாம். ஏரியாவில் ஒரு பைக் காணாமல் போனால் போதும், ஐந்து வீட்டுக் கதவையும் தட்டுவார்கள்.

நேற்றும் ஒன்று போயிருக்கிறது. காலையில் காலேஜ் வாசலிலேயே ஏட்டு தணிகாசலம் ஜீப்போடு நின்றார். மற்ற நாலு பேரும் ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருந்தார்கள்.

“பரீட்சைதானே, எழுதிட்டு வா. நான் எங்கயும் போயிடல,” என்றார். நல்ல மனுஷன்தான். “ஆனா சாயங்காலத்துக்குள்ள ஸ்டேஷனுக்கு ஒரு பேர் வேணும்ப்பா. ஒருத்தன் ஒத்துக்கிட்டா மத்த நாலு பேரும் வீட்டுக்குப் போயிடலாம். நீங்களே பேசி முடிவு பண்ணிக்கோங்க.”

ஃபார்முலா அவனுக்குத் தண்ணி பட்ட பாடு. ஐந்து பேரில் ஒருவனைத் தேர்ந்தெடுக்க ஐந்து வழி. 5 என்று எழுதினான். பக்கத்தில் 0.3. அதன் பக்கத்தில் 0.7 அடுக்கு நான்கு.

விடை 0.36.

அந்த ஒருவன் யார் என்று கேள்வி கேட்கவில்லை. கணக்குக்கு யாராயிருந்தாலும் ஒன்றுதான்.

லோகுவுக்குப் போன மாசம்தான் குழந்தை பிறந்தது. அப்பாஸ் துபாய் போக பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டிருக்கிறான். இருதயராஜின் அம்மாவுக்கு வாரம் இரண்டு டயாலிசிஸ், கூட்டிப் போக வேறு ஆள் இல்லை. போன தடவை ஸ்டேஷனில் விழுந்த அடியில் டில்லிக்கு ஒரு காது போய்விட்டது.

அவனுக்கு இந்தப் பேப்பரோடு டிகிரி முடிகிறது. அவ்வளவுதான்.

பேசி முடிவு பண்ணச் சொன்னார் ஏட்டு. நாலு பேரும் மூன்று மணி நேரமாக ஒரே ஜீப்பில் இருக்கிறார்கள்.

அவன் இங்கே இருக்கிறான்.

மணி அடித்தது. பேப்பரை வாங்கிக்கொண்டார்கள்.

வாசலுக்கு வந்தான்.

நாலு பேரும் ஜீப்பை விட்டு இறங்கி வெயிலில் நின்றிருந்தார்கள். ஒருத்தனும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

“எப்படிப்பா எழுதுன?” என்று கேட்டுக்கொண்டே ஏட்டு பின்கதவைத் திறந்தார்.