உப்பில்லாத மோர்ச் சோறு

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஒன்றரை மணி. ஆர்த்தி மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்து மோர்ச் சோற்றை விழுங்கிக்கொண்டிருந்தாள்.

முந்தின நாள் மதுரைக்குப் போய் உதட்டை எடுப்பாக்க ஊசி போட்டிருந்தாள். சூடு, காரம், உப்பு ஆகாது, உதட்டில் எதுவும் அழுந்தக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மாமியாருக்குத் தெரிந்தால் பிறந்த வீட்டுக்குப் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

காலடிச் சத்தம் கேட்டதும் மாஸ்க்கை மேலே ஏற்றினாள். மாமியார் பொன்னுத்தங்கம் தட்டை எட்டிப் பார்த்தாள்.

"சளின்னு மூஞ்சிய மூடிக்கிட்டுத் திரியுற. சளிக்கு மோர்ச் சோறா? சுடச்சுட ரசம் வச்சிருக்கேன், தொடல. உப்பு ஜாடியத் தொறந்த மாதிரியும் தெரியல."

ஊரே அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்குக் காப்புக் கட்டியிருந்த நேரம். அது ஆர்த்திக்குக் கைகொடுத்தது.

"விரதம், அத்தை."

"நேத்துல இருந்தா?"

"ஆமா அத்தை. வெளிய சொல்ல வேண்டாம்னு இருந்தேன்."

பொன்னுத்தங்கம் பக்கத்தில் உட்கார்ந்தாள். கண் கலங்கியிருந்தது. ஆர்த்திக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"போன வருசம் நம்ம பட்டாசுக் கம்பெனியில வெடிச்சப்ப, உன் புருசன் உசுரோட வரணும்னு ஆத்தாகிட்ட நேந்துக்கிட்டேன். எனக்குச் சுகர் இருக்குன்னு டாக்டர் விடமாட்டேங்காரு. உன்னைய எப்படிக் கேக்கன்னு தவிச்சேன் தாயி. நீயா விரதம் இருந்துட்ட."

"என்ன நேத்திக்கடன் அத்தை?"

பொன்னுத்தங்கம் முந்தானை முடிச்சை அவிழ்த்து, விரல் நீளத்துக்கு வெள்ளி வேல் ஒன்றை எடுத்தாள்.

"வாய்ப்பூட்டு அலகு. ரெண்டு உதட்டையும் சேத்துக் குத்துறது. நாளைக்குக் காலையில கோயில்ல. எங்க, மாஸ்க்கக் கழட்டு, நீளம் சரியா இருக்கான்னு பாப்போமா?"