குழியில் நின்ற கால்

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உக்காருங்க, சத்தமாச் சொல்ற கதை இல்ல இது.

கந்தப்பன் அளவும் எடுக்காம, படமும் போடாம, கண்ணால பாத்தே அடுப்படிக்கு ஒரு ஸ்டூல் செஞ்சான். பூவரசு, வேம்புன்னு ஆளுக்கொரு மரத்துல செஞ்ச நாலு காலும் ஒரே உயரமாத்தான் அமைஞ்சுது. ஆனா நிறுத்திப் பாத்த இடத்துல, மரத்தூள் மூடுன ஒரு சின்னக் குழி. பூவரசங்கால் அதுக்குள்ள இறங்க, ஸ்டூல் ஆடுச்சு.

“இது குட்டை. மத்த மூணையும் குறைச்சிரலாம்”னு கந்தப்பன் ரம்பத்தை எடுத்தான்.

குழி இருக்குன்னு பூவரசுக்குத் தெரியும். சொன்னா நாலும் சேர்ந்து அரையடி நகந்துக்கலாம். வாயைத் திறந்தா ரம்பம் தன் பக்கம் திரும்பிடுமோன்னு அதுக்குப் பயம்.

“அண்ணே, நாம நாலு பேரும் ஒரே உயரந்தானே?”ன்னு அழுதுச்சு வேப்பங்கால்.

“அது உன் நெனப்பு. நீ என்னைக்குமே ஒரு விரக்கடை ஒசத்திதான்”னு பூவரசு சிரிச்சுது.

மூணு தடவை அறுத்த பிறகு ஆட்டம் நின்னுச்சு. ஸ்டூல் அடுப்படிக்குப் போச்சு. அங்கே சமதரை. ஊறுகாய்ச் சாடி எடுக்க ஏறுன அவன் பொண்டாட்டி செண்பகம், சாடியோட கீழ விழுந்தா.

“ஐயோ, என் இடுப்பு! இதைக் கொண்டுபோய் அடுப்புல வைய்யா!”

கந்தப்பன் நாலு காலையும் பிடுங்கி அடுப்புல சொருகினான். குட்டைக் கால் மூணும் முழுசா உள்ள போயிருச்சு. நீளமான பூவரசு மட்டும் பாதி வெளிய நீட்டிக்கிட்டு, மூணும் சாம்பலாகுற வரைக்கும் பாத்துக்கிட்டே கிடந்துச்சு.

அப்புறந்தான் அது அந்தச் சாம்பலைப் பாத்து வாயைத் திறந்து, “உங்க மேல தப்பில்லப்பா, என் காலடியில குழி இருந்துச்சு”ன்னு சொல்லுச்சு.