இன்னும் நாலு இழுப்பு

கொல்லைச் சுவரில் அடித்த ஆணியில் புல்வெட்டும் மெஷினின் பிளேடு நடு ஓட்டையால் மாட்டித் தொங்குகிறது. சாயங்கால வெயில் புதிதாய்த் தீட்டிய விளிம்பில் பட்டுத் தோட்டக்காரரின் கண்ணைக் கூச வைக்கிறது. இரண்டு பக்கமும் ஒரே கனமாய் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்கு மெஷின் கையை உதறி எடுத்துவிடும். எப்போதும் மனைவிதான் தள்ளி நின்று பார்த்துச் சொல்வாள். பேரனைப் பார்த்துக்கொள்ள மூன்று மாதம் என்று மகள் வீட்டுக்குப் போனவள், போய் ஒரு வருஷமாகிறது. இன்று கவிழ்த்த வாளிமேல் சாய்த்த போனுக்குள்ளிருந்து பார்க்கிறாள். "உங்க வலது கைப் பக்கம் தாழுதுங்க. ரெண்டு இழுப்பு இழுங்க." அவர் கழற்றி, முழங்காலில் வைத்து அரத்தால் இழுக்கிறார். இரும்புத்தூள் செருப்பில் உதிர்கிறது. மறுபடி மாட்டியதும் பிளேடு மெல்ல ஆடி, அடங்கி, நேராய் நிற்கிறது. "அப்பாடா! கண்ணாடி போட மாட்டேன்னு அடம்பிடிக்கிற மனுஷனுக்கு நான்தான் கண்ணு," என்று சிரிக்கிறாள். அவளுக்குப் பின்னால் குழந்தை சிணுங்குகிறது. "வச்சிடட்டுமா?" எப்போது வருகிறாய் என்று கேட்க வாயெடுத்தவர், "இரு, இடது பக்கம் தாழுதே," என்கிறார். "நேராத்தானே நிக்குது?" "அங்கேருந்து உனக்கு என்ன தெரியும்?" பிளேடைக் கழற்றி, சரியாயிருந்த இடது பக்கத்தில் அரத்தை அழுத்தி நாலு இழுப்பு இழுத்து மாட்டுகிறார். வலது பக்கம் சட்டென்று தாழ்கிறது. "ஐயோ, கெடுத்துட்டீங்களே!" "அப்ப இரு, போயிடாதே," என்று அவர் சுற்றுமுற்றும் அரத்தைத் தேடுகிறார். அது அவர் கையில்தான் இருக்கிறது.