ஜோயல் வளர்க்கும் வாழை

அச்சரப்பாக்கத்துக் கொல்லையில் சாயங்கால வெயில் மஞ்சளாகச் சாய்கிறது. ரெஜினாவின் கைப்பேசிக்குள் கனடாவின் காலை. ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டுகிறது. தம்பி ஜோயல் தொட்டி வாழையை ஹீட்டர் பக்கம் நகர்த்தி, தன் கம்பளியை அதற்குச் சுற்றுகிறான். “இந்தக் கிறிஸ்துமஸுக்கும் வர முடியாதுக்கா. நான் கெளம்புனா வூட்டுக்காரங்க ஹீட்டர அணைச்சிடுவாங்க. இது செத்துடும்.” “இன்னாடா பேசற? ஒத்த வாழ மரத்துக்காக வூட்டுக்கு வரமாட்டியா?” பல்லைக் கடித்துக்கொண்டு கைப்பேசியைத் திருப்புகிறாள். குளியலறைத் தண்ணீர் குடித்துக் கொழுத்த வாழைகள் வேலியையே சாய்த்துக்கொண்டு நிற்கின்றன. “பாரு, கேக்க ஆளில்லாம இம்மாம் கீது!” ஜோயல் திரைக்கு அருகே முகத்தைக் கொண்டுவருகிறான். இலைகள் காற்றில் சடசடக்கின்றன. பிறகு மெல்லிய குரல்: “அக்கா, அந்தக் குருத்தக் கொஞ்சம் கிட்டக்க காட்டேன்.” “உன்னோட பேஜாருடா” என்று தலையில் அடித்துக்கொண்டு, ரெஜினா செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்குகிறாள்.