ஊத வந்தவர்

அவள் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

கிண்ணத்தில் எண்ணெய் கை பொறுக்கும் சூட்டில் இருந்தது. ரெஜினா அக்கா அதை இரண்டு உள்ளங்கையிலும் பூசிக்கொண்டு தயாராகிவிட்டாள்.

"காட்டுடி. ரெண்டே இழுப்பு."

பக்கத்து வீட்டு ரெஜினா அக்கா இரட்டைப் பிள்ளை பெற்றவள். அவள் கை வைத்தால் எந்தச் சுளுக்கும் விட்டுவிடும் என்று தெருவே நம்பியது. யாரிடமும் ஒரு வெற்றிலைகூட வாங்கமாட்டாள். கூப்பிட்டால் அடுப்பை அணைத்துவிட்டு வந்துவிடுவாள். அப்படிப்பட்டவளிடம் எந்த வாயால் வேண்டாம் என்பது?

இடது கெண்டைக்கால் வீங்கியிருந்தது. பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கிற சீசன். மூன்று நாளாக மிஷினை விட்டு அவள் சரியாக எழுந்திருக்கவில்லை. சுளுக்காகத்தான் இருக்கும் என்று அக்காவைக் கூப்பிட்டதும் அவளேதான்.

எண்ணெய்க் கையைக் கிட்டத்தில் பார்த்ததும் அந்த டிரம்பெட்காரர் ஞாபகத்துக்கு வந்தார்.

எங்கிருந்துதான் வந்தாரோ மனுஷன்!

போன ஜூன், அந்தோணியார் கோயில் திருவிழா. மெல்லிசைக் கச்சேரி. இரண்டு பாட்டுக்கு நடுவில் அவர் மைக்கைப் பிடித்தார். தனக்கு ஒரு கால் மட்டும் வீங்கியதையும், தொட்டால் சுட்டதையும், வீட்டில் எண்ணெய் போட்டு நன்றாக உருவிவிட்டதையும் சொன்னார். மறுநாள் டிரம்பெட்டை வாயில் வைத்தால் ஊத மூச்சில்லை. காலில் உறைந்திருந்த ரத்தம் நுரையீரலுக்கு ஏறிவிட்டிருந்தது. பதினெட்டு நாள் ஆஸ்பத்திரி.

"ஒத்தக் கால் வீங்கிச் சுட்டுச்சுன்னா தேய்க்காதீங்கம்மா. ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க," என்றார்.

கூட்டம் கூச்சல் போட்டது. அவள் மட்டும் சும்மா இருந்தாளா? "ஊத வந்தவன் ஊதிட்டுப் போகவேண்டியதுதானே!" என்று கத்தினாள். பக்கத்தில் ரெஜினா அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள்.

அவர் முகம் சுண்டிப்போயிற்று. டிரம்பெட்டை எடுத்துக்கொண்டார்.

அவள் குனிந்து இடது காலைத் தொட்டாள்.

சுட்டது.

வலது காலைத் தொட்டாள். அது எப்போதும்போல இருந்தது.

"வேண்டாங்க்கா."

"என்னடி வேண்டாம்?"

"ஆஸ்பத்திரிக்குப் போறேன்."

ரெஜினா அக்கா சேலையிலேயே கையைத் துடைத்துக்கொண்டாள்.

"என் கை பட்டு நொண்டினவ இந்தத் தெருவுல ஒருத்தி உண்டா?"

கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பக்கத்து வீட்டுக் கதவைப் படாரென்று சாத்தும் சத்தம் கேட்டது.

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அழுதுகொண்டேதான் ஆட்டோ ஏறினாள்.

ஸ்கேனில் ரத்த உறைவைப் பார்த்த டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி: "காலைத் தேய்ச்சீங்களா? உருவிவிட்டாங்களா?"

"இல்லைங்க."

"பிழைச்சீங்க."

அவ்வளவுதான் சொன்னார். அதற்குள் ஊசி ஏறிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரிக்குத் தெருவில் பாதிப் பேர் வந்து பார்த்தார்கள். ரெஜினா அக்கா வரவில்லை. வீடு திரும்பிய பிறகும் வரவில்லை. குழாயடியில் எதிர்ப்பட்டால் குடம் நிரம்புவதற்குள் தூக்கிக்கொண்டு போனாள். கையைத் தட்டிவிட்ட கோபம் இன்னும் ஆறவில்லை போல என்று அவள் நினைத்தாள்.

அடுத்த மாதம் திருவிழா. அதே மெல்லிசைக் குழு. டாக்டர் கொடுத்த இறுக்கமான காலுறையோடு அவள் போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். இரண்டு வரிசை முன்னால் ரெஜினா அக்காவின் கொண்டை தெரிந்தது.

டிரம்பெட்காரர் வந்திருந்தார்.

வாசித்தார். அடுத்த பாட்டு. அதற்கடுத்த பாட்டு. நடுவில் மைக் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஊத வந்தவர் ஊதிக்கொண்டிருந்தார்.

பாவி, அன்றைக்கு நான் கத்தினதால்தானே என்று அவள் தன்னையே திட்டிக்கொண்டாள்.

சனங்கள் வேண்டிய பாட்டைத் துண்டுச் சீட்டில் எழுதி மேடைக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அவளும் ஒரு சீட்டு கேட்டு வாங்கினாள். முழங்காலில் வைத்து எழுதினாள்.

'போன வருசம் கால் வீங்கின கதை சொன்னீங்களே. அதைத் திரும்பச் சொல்லுங்க. அதைக் கேட்டதாலதான் நான் உயிரோட இருக்கேன்.'

சீட்டு கை மாறிக் கை மாறி முன்னால் போயிற்று. ரெஜினா அக்கா கைக்கு வந்ததும் அங்கேயே நின்றுவிட்டது.

அக்கா அதைப் பிரித்துப் படித்தாள்.

ஒரு பாட்டு முடிகிற வரைக்கும் கையிலேயே வைத்திருந்தாள். பிறகு எழுந்தாள். தானே நடந்துபோய் மேடையில் கொடுத்துவிட்டு வந்தாள்.

டிரம்பெட்காரர் படித்தார். மறுபடியும் படித்தார்.

"என்ன பாட்டுண்ணே?" என்றான் அறிவிப்பாளன்.

டிரம்பெட்டை நாற்காலியில் வைத்துவிட்டு அவர் மைக்குக்கு வந்தார். பின்னாலிருந்து யாரோ ஒருவன், "ஊதுய்யா!" என்று கத்தினான்.

ரெஜினா அக்கா சட்டென்று திரும்பினாள்.

"எவன்டா அவன்? அவரு பேசி முடிக்கிற வரைக்கும் ஒருத்தன் வாயத் தொறக்கக்கூடாது!"

கூட்டம் அடங்கிவிட்டது.

மேடையில் அவர் ஆரம்பித்தார். "எனக்கு மொதல்ல ஒத்தக் காலுதான் வீங்குச்சு..."

ரெஜினா அக்கா இரண்டு வரிசை பின்னால் நடந்து வந்து அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் காலில் இருந்த காலுறையைப் பார்த்தாள். தன் உள்ளங்கைகளைப் பார்த்தாள். இரண்டையும் முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள்.

அவள் அக்காவின் முந்தானைக்குள் கையை விட்டு அந்தக் கைகளில் ஒன்றை வெளியே இழுத்தாள்.

தன் மடியில் வைத்துக்கொண்டாள்.